போர்ஷே 911 டர்போ

போர்ஷே 911 டர்போ, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைச் சேர்ந்த போர்ஷே நிறுவனத்தின் அதிவேக ஸ்போர்ட்ஸ் கார் வரிசை. 1974இல் பாரிஸ் வாகனக் கண்காட்சியில் அறிமுகமாகி, சில சிறு இடைவெளிகள் தவிர, இன்றுவரை தயாரிப்பில் உள்ளது. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் அமைந்திருப்பது, ஆறு சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாகப் படுக்கைவாட்டில் எதிரெதிரே கிடப்பது, புகையின் விசையால் இயங்கும் டர்போசார்ஜர் ஆகிய மூன்றும் எல்லாத் தலைமுறைகளுக்கும் பொது. முதல் காரின் 260 குதிரைத்திறன் 2025இல் 711ஐ எட்டியது. திறனைக் கூட்டுவது இவ்வரிசையில் எப்போதுமே எளிதான பாதியாக இருந்தது. அந்தத் திறனை ஓட்டுநர் கேட்ட கணத்தில் கொண்டுசேர்ப்பதும், கூடவே வரும் வெப்பத்தை வெளியேற்றுவதும்தான் ஐம்பது ஆண்டுகளாகப் பொறியாளர்களைப் பிடித்து நிறுத்திய சிக்கல்கள்.

இயங்கும் விதம்

பெட்ரோல் எரிந்து கிடைக்கும் ஆற்றலில் ஒரு பெரும் பங்கு சூடான புகையாக வெளியே போய்விடுகிறது. டர்போசார்ஜர் அதில் கொஞ்சத்தை மீட்டுத்தருகிறது. ஒரே தண்டின் இரு முனைகளிலும் சிறு இறக்கைச் சக்கரங்கள் உள்ளன. வெளியேறும் புகை ஒன்றைச் சுழற்றுகிறது. கூடவே சுழலும் மற்றது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்று கூடுதலாகப் போனால் பெட்ரோலையும் கூடுதலாக எரிக்கலாம். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பல், விமான எஞ்சின்களில் பயன்பட்ட இம்முறை, 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், ஷெவர்லே கார்வேர் ஆகியவற்றின் வழியாக விற்பனைக் கார்களுக்கு வந்தது.

இதில் இரண்டு இடர்கள் பிறவியிலேயே உண்டு. முதலாவது தாமதம். ஆக்சிலரேட்டரை மிதித்தபின் புகை பெருகி, சக்கரம் வேகமெடுத்து, காற்றழுத்தம் ஏறிய பிறகுதான் முழுத் திறன் கிடைக்கும். இரண்டாவது வெப்பம். அழுத்தப்பட்ட காற்று சூடாகிறது. சூடான காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை, பொறி விழுமுன்னரோ ஒழுங்கின்றியோ வெடித்து எஞ்சினை 'நாக்' அடிக்க வைக்கும். அது தொடர்ந்தால் பிஸ்டன் பழுதாகும்.

பந்தயத் தளத்தில் பிறப்பு

போர்ஷே டர்போவைக் கற்றுக்கொண்டது வட அமெரிக்காவின் கேன்-ஆம் பந்தயத் தொடரில். எஞ்சின் அளவுக்கு அங்கே வரம்பு இல்லை; பெரிய அமெரிக்க வி8 எஞ்சின்கள் கோலோச்சின. அவற்றை எதிர்கொள்ள, ஹான்ஸ் மெட்ஸ்கர் வடிவமைத்த 917 காரின் 12 சிலிண்டர் எஞ்சினில் வாலன்டின் ஷேஃபர் உள்ளிட்ட பொறியாளர்கள் இரண்டு டர்போக்களைப் பொருத்தினர். 1972இல் ஜார்ஜ் ஃபால்மர் 917/10 காரிலும், 1973இல் மார்க் டானகியூ 917/30 காரிலும் பட்டம் வென்றனர். 917/30இன் 5.4 லிட்டர் எஞ்சின் 1,000 குதிரைத்திறனைத் தாண்டியது.

பல திருப்பங்கள் உள்ள தளத்தில் அவ்வளவு திறனை ஆள உதவியது புகைப் பக்கத்தில் வைக்கப்பட்ட வேஸ்ட்கேட் எனும் வால்வு. காற்றழுத்தம் குறித்த அளவை எட்டியதும் அது திறந்து, மிகையான புகையைச் சக்கரத்தைத் தொடாமல் திருப்பிவிடும். அதிக வேகத்தில் அழுத்தம் எல்லை மீறாது என்ற உறுதி இதனால் கிடைத்தது; ஆகவே குறைந்த சுழற்சியிலேயே விழித்துக்கொள்ளும் சிறிய டர்போவைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. சாலைக் காருக்குத் தேவையானதும் அதுதான்.

1974இல் 911 கரேரா ஆர்எஸ்ஆர் டர்போ லெமான் 24 மணிநேரப் பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றது. டர்போ எஞ்சின்களின் கொள்ளளவை 1.4ஆல் பெருக்கிக் கணக்கிடும் விதி அப்போது இருந்ததால், 3 லிட்டர் வரம்புக்குள் அடங்கும்படி அதன் எஞ்சின் 2.14 லிட்டராகச் சுருக்கப்பட்டிருந்தது.

முதல் தலைமுறை: 930

நிறுவனத் தலைவர் எர்ன்ஸ்ட் ஃபூர்மன், அடுத்து வரவிருந்த பந்தய விதிகளைக் கருத்தில் கொண்டு டர்போ பொருத்திய சாலைக் காருக்கு ஆதரவளித்தார். குரூப் 4 பிரிவில் போட்டியிட 24 மாதங்களில் 400 கார்கள் தயாராக வேண்டும். 1973 இறுதியில் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. அதே ஆண்டு வெளிவந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போ அதில் சிக்கி விரைவிலேயே நின்றுபோனது. போர்ஷே பின்வாங்கவில்லை. வரிசையின் முதல் கார், நிறுவனர் ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் மகள் லூயிசே பியெஹ்கின் 70ஆம் பிறந்தநாள் பரிசாக அளிக்கப்பட்டது. தேவையான 400ஐப் போலப் பல மடங்கு கார்கள் பின்னர் விற்றன.

930 என்ற உள்குறியீடு கொண்ட இந்தக் காரின் 3 லிட்டர் எஞ்சினுக்குக் காற்றுதான் குளிர்ச்சி, டர்போ ஒன்று, அதன் அழுத்தம் 0.8 பார். திறன் 260 குதிரைத்திறன், முறுக்குவிசை 343 நியூட்டன் மீட்டர். 100 கிமீ வேகத்தை 5.5 நொடியில் எட்டி, 250 கிமீ வரை போனது. அகன்ற பின்சக்கரங்களுக்காக உடல் இருபுறமும் புடைத்தது; பின்மூடியின் மேல் ரப்பர் விளிம்புள்ள பெரிய ஸ்பாய்லர் ஏறியது.

நாக் அடிப்பதைத் தவிர்க்க, சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதைக் குறிக்கும் அமுக்க விகிதம் 6.5:1 என்ற மிகக் குறைந்த அளவில் வைக்கப்பட்டது. விளைவு, டர்போ விழிக்கும்வரை எஞ்சின் மந்தம், விழித்தபின் ஆவேசம். வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஓட்டுநர் இன்னும் அழுத்துவார். அதற்குள் அழுத்தம் ஏறி, மொத்த விசையும் பின்சக்கரங்களில் வந்து விழும். மிரண்டு காலை எடுத்தால் நிலைமை இன்னும் மோசம்: காரின் எடை முன்பக்கம் சாயும், பின்சக்கரங்களின் பிடி தளரும், பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் கனமான எஞ்சின் காரின் வாலை வெளிப்பக்கம் வீசிவிடும். பழகியவர்கள் வளைவின் முனைக்கு முன்பே மிதித்து, திறன் வந்து சேரும்போது கார் நேராகியிருக்கும்படி கணக்குப் போட்டு ஓட்டினர்.

இன்டர்கூலரும் 3.3 லிட்டரும்

1978ஆம் ஆண்டு மாடலில் எஞ்சின் 3.3 லிட்டராகி 300 குதிரைத்திறனை எட்டியது. முக்கிய மாற்றம் இன்டர்கூலர். டர்போவிலிருந்து சூடாக வரும் காற்றை சிலிண்டருக்குள் போகுமுன் ஆற்றும் கருவி இது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. நாக் அடிக்கும் ஆபத்தும் குறைகிறது. எனவே அமுக்க விகிதத்தை 7:1 ஆக உயர்த்த முடிந்தது. எஞ்சினுக்கு மேலே அதை வைக்க இடம் வேண்டியிருந்ததால், பின் ஸ்பாய்லர் ஓரங்கள் நிமிர்ந்த தாம்பாளம் போன்ற வடிவம் பெற்றது. 917 பந்தயக் காரிலிருந்து தருவிக்கப்பட்ட பிரேக்குகளும் சேர்ந்தன.

புகை மாசு விதிகளால் 1980 முதல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியிருந்த கார், 1986இல் அங்கே திரும்பியது. நான்கு கியர் மட்டுமே கொண்டிருந்த 930க்கு ஐந்தாவது கியர் கிடைத்தது 1989இல், அதன் கடைசி ஆண்டில்.

இதே எஞ்சின் மரபில் உருவான 934, 935 பந்தயக் கார்கள் பல தொடர்களை வென்றன. 1979இல் கிரெமர் அணியின் 935 கே3 லெமானில் முதலிடம் பிடித்தது.

959 எனும் சோதனைக்களம்

1980களில் ஹெல்முட் பாட் தலைமையிலான பொறியாளர்கள் உருவாக்கிய 959, டர்போ வரிசையில் சேராதது. ஆனால் அதன் எதிர்காலத்தைத் தீர்மானித்தது. 2.85 லிட்டர் எஞ்சினிலிருந்து 450 குதிரைத்திறன், உச்ச வேகம் 317 கிமீ. சிலிண்டர்களைக் காற்றும், நான்கு வால்வுகள் கொண்ட சிலிண்டர் தலைகளைத் தண்ணீரும் குளிர்வித்தன. தாமதத்தைக் குறைக்க இரு டர்போக்கள் அடுத்தடுத்து வேலை செய்தன: குறைந்த சுழற்சியில் புகை முழுவதும் ஒன்றுக்கே போகும், வேகம் கூடியதும் இரண்டாவது சேர்ந்துகொள்ளும். விசை நான்கு சக்கரங்களுக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டில் பகிரப்பட்டது. 1986 பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் ரெனே மேட்ஜ் 959இல் வென்றார்.

இரட்டை டர்போவும் நீர்க் குளிர்ச்சியும்

1990இல் வந்த 964 டர்போ பழைய ஒற்றை டர்போ அமைப்பையே மெருகேற்றி 320 குதிரைத்திறன் தந்தது, 1993இல் 3.6 லிட்டராகி 360 ஆனது. உண்மையான திருப்பம் 1995இன் 993 டர்போ. பெரிய டர்போ ஒன்றுக்குப் பதில், பக்கத்துக்கு ஒன்றாக இரு சிறிய டர்போக்கள். சிறிய சக்கரம் எடை குறைவானது. விரைவில் சுழற்சி எடுக்கும். நான்கு சக்கர இயக்கமும் சேர்ந்ததால், 408 குதிரைத்திறன் கொண்ட இக்கார் முந்தைய எதையும்விட அடக்கமாக ஓடியது. காற்றால் குளிரும் கடைசி 911 டர்போவும் இதுவே.

2000இல் வெளியான 996 டர்போவுக்கு நீர்க் குளிர்ச்சி. சாதாரண 911இன் எஞ்சின் இதற்குப் பயன்படுத்தப்படவில்லை. 1998இல் லெமானை வென்ற 911 ஜிடி1 காரின் எஞ்சினே அடிப்படை. மெட்ஸ்கர் மரபில் வந்த அதன் உறுதி காரணமாக இன்றும் ஆர்வலர்கள் அதை அவர் பெயராலேயே குறிப்பிடுகின்றனர். வெப்பம் கட்டுக்குள் வந்ததால் அமுக்க விகிதம் 9.4:1 வரை ஏறியது. அதனால் டர்போ விழிக்குமுன்பே எஞ்சினில் உயிர் இருந்தது. 420 குதிரைத்திறன், 305 கிமீ வேகம்; கூடுதல் விலைக்கு பீங்கான் கலவை பிரேக்குகள்.

மாறும் இறக்கைகள்

சிறிய டர்போ சீக்கிரம் விழிக்கும், உச்சத்தில் மூச்சுமுட்டும், பெரியது நேர்மாறு. இதற்கு 2006இன் 997 டர்போ தந்த விடை, வடிவம் மாறும் டர்போ. புகைச் சக்கரத்தைச் சுற்றி வளையமாக நிற்கும் சிறு தகடுகளை ஒரு மின்மோட்டார் சாய்க்கிறது. புகை குறைவாக இருக்கையில் தகடுகள் நெருங்கிச் சந்துகள் குறுகுகின்றன. அவற்றின் வழியே புகை பீறிட்டுச் சக்கரத்தை வேகமாகச் சுழற்றுகிறது. புகை பெருகும்போது தகடுகள் விலகி வழிவிடுகின்றன. டீசல் வண்டிகளில் இது பழகிப்போன உத்திதான். பெட்ரோல் எஞ்சினின் புகையோ 1,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அந்த அனலிலும் இறுகாமல் நெளியாமல் அசையும் தகடுகளுக்கு உயர்வெப்பம் தாங்கும் உலோகக் கலவைகள் தேவைப்பட்டன. போர்க்வார்னர் நிறுவனத்துடன் சேர்ந்து போர்ஷே இதைச் சாதித்தது. எஞ்சின் 480 குதிரைத்திறனும் 620 நியூட்டன் மீட்டரும் தந்தது.

2009இல் நேரடிப் பெட்ரோல் பீய்ச்சலுடன் புதிய 3.8 லிட்டர் எஞ்சினும், இரட்டை கிளட்ச் கொண்ட பிடிகே கியர்பாக்ஸும் வந்தன. அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்பதால், மாற்றும் இடைவெளியில் காற்றழுத்தம் இறங்குவதில்லை. 2013இன் 991 டர்போவில் கையால் மாற்றும் கியர் கைவிடப்பட்டது. பின்சக்கரங்களும் சற்றே திரும்பும் அமைப்பு சேர்ந்தது. பின்சக்கர இயக்கமுள்ள 911 ஜிடி2 ஆர்எஸ், 2017இல் 700 குதிரைத்திறனுடன் நூர்பர்க்ரிங் வடக்குத் தளத்தை 6 நிமிடம் 47.3 நொடியில் சுற்றியது. கொதிக்கும் நாள்களில் அதன் இன்டர்கூலர்கள்மேல் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடும் இருந்தது. 2020இன் 992 டர்போ எஸ் 650 குதிரைத்திறனுடன் 100 கிமீ வேகத்தை 2.7 நொடியில் தொட்டது.

மின் டர்போ

2024இல் 911 கரேரா ஜிடிஎஸ் காரில் அறிமுகமான கலப்பின அமைப்பில், டர்போவின் இரு சக்கரங்களுக்கும் நடுவே தண்டின்மேல் ஒரு மின்மோட்டார் அமர்ந்துள்ளது. புகைக்காகக் காத்திராமல் மின்சாரமே சக்கரத்தைச் சுழற்றிவிடுகிறது. புகை மிகும்போது அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி மின்சாரம் தருகிறது. அந்த எஞ்சினில் வேஸ்ட்கேட்டே இல்லை. 2025இல் மியூனிக்கில் அறிமுகமான டர்போ எஸ், இத்தகைய இரு மின் டர்போக்களையும் 3.6 லிட்டர் எஞ்சினையும் கொண்டது. 711 குதிரைத்திறன், 800 நியூட்டன் மீட்டர், 2.5 நொடியில் 100 கிமீ.

மதிப்பீடு

டர்போவை எரிபொருள் சிக்கனத்துக்கும் மாசுக் குறைப்புக்கும் பயன்படுத்தும் போக்கு வலுத்தபின், 2015இல் சாதாரண 911 கரேராவும் டர்போ எஞ்சினுக்கு மாறியது. இதனால் டர்போ மாடலுக்குத் தனி அடையாளமாக எஞ்சியது அதன் திறனும் வேகமும்தான். முன்னேற்றத்துக்கு விலையும் உண்டு. 1,200 கிலோவுக்கும் குறைவாக இருந்த முதல் காரின் இடத்தில், கலப்பின டர்போ எஸ் 1,725 கிலோ. அரை நூற்றாண்டில் குதிரைத்திறன் ஏறத்தாழ 2.7 மடங்காக, 100 கிமீ எட்டும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது. 930இல் ஓட்டுநரின் கணிப்பும் காலும் செய்த வேலையை இன்று மோட்டாரும் கணினியும் செய்கின்றன. அதே காரணத்தால்தான் பழைய நான்கு கியர் 930ஐ இன்னும் தேடி வாங்குவோர் இருக்கின்றனர்.