கமரான் தீவின் பத்து நாட்கள்: ஹாஜிகளின் சுகாதார வரலாறு சொல்லும் பாடம்



இன்று ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் தடுப்பூசி போட்டுக்கொண்டு, அதற்குரிய சான்றிதழுடன் விமானம் ஏறுகிறார். சில மணி நேரத்தில் புனித பூமியில் இறங்கிவிடுகிறார். நம் முப்பாட்டனார் காலத்து ஹாஜிகளுக்குப் பயணம் இவ்வளவு எளிதாக அமையவில்லை. தமிழகத்தின் கடலோர ஊர்களிலிருந்து ரயிலேறிப் பம்பாய் சென்று, அங்கே கப்பலுக்குக் காத்திருந்து, அரபிக்கடலைக் கடந்து செங்கடலுக்குள் நுழைந்த பின்னரும் அவர்கள் நேரே ஜித்தா செல்ல இயலாது. வழியிலே ஒரு சிறு தீவில் அவர்கள் இறக்கப்பட்டனர்; நோயற்றவர்கள் என்று உறுதியான பிறகே பயணத்தைத் தொடர அனுமதி கிடைத்தது. யமன் நாட்டுக் கரையை ஒட்டியுள்ள அத்தீவின் பெயர் கமரான்.

கொள்ளைநோய்க் காலத்தில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது நம் மார்க்கம் கற்றுத் தந்த நெறி. அப்படியிருக்க, அதே நோக்கத்திற்காக அமைக்கப்பட்ட கமரானை மார்க்கப் பற்றுடைய ஹாஜிகள் ஏன் வெறுத்தார்கள்? இக்கேள்விக்கு வரலாறு தரும் விடை, இன்று நம் மஹல்லாக்களுக்கும் பயன்படக்கூடியது.

உமர் (ரலி) அவர்கள் திரும்பிய பயணம்

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டையொட்டி ஷாம் தேசத்தில் பெரும் கொள்ளைநோய் பரவியது. ஃபலஸ்தீனிலுள்ள அம்வாஸ் என்னும் ஊரின் பெயராலேயே அந்நோய் வரலாற்றில் குறிப்பிடப்படுகிறது. ஷாமை நோக்கிச் சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு ஸர்ஃக் என்னும் இடத்தில் இச்செய்தி எட்டியது. அவர்கள் உடனே கட்டளை எதையும் பிறப்பிக்கவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள். அடுத்து அன்ஸாரிகளை அழைத்தார்கள். அதன்பின் குறைஷியரின் மூத்தோரை அழைத்தார்கள். முதலிரு குழுவினரிடையே கருத்து வேறுபாடு நிலவியது. மூத்தோர் திரும்பிச் செல்வதே நலம் என ஒருமனதாகக் கூறினர். அதனை ஏற்று உமர் (ரலி) அவர்கள் திரும்ப முடிவு செய்தார்கள்.

படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு இம்முடிவில் மனத்தாங்கல் இருந்தது. அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விளக்கினார்கள். பின்னர் அங்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், ஓர் ஊரில் கொள்ளைநோய் இருப்பதை அறிந்தால் அங்கே நுழையக் கூடாது, இருக்கும் ஊரில் அது பரவினால் அங்கிருந்து தப்பி ஓடக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதைத் தெரிவித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இதில் இரு செய்திகளை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். முதலாவது, முடிவுக்கு முன் கலந்தாலோசனை நடந்தது. மாற்றுக் கருத்துக் கொண்டவரும் தடையின்றிப் பேசினார். இரண்டாவது, நோயுற்ற ஊரில் தங்கியிருப்போர் பிறருடைய நலனுக்காகத் தம் நலனை விட்டுக்கொடுக்கின்றனர். ஆகவே அவர்களுக்கு வேண்டியதைச் செய்து கொடுப்பது வெளியே இருப்போரின் கடமையாகிறது. கமரானின் கதையை இவ்விரு அளவுகோல்களைக் கொண்டே நாம் பார்க்கப் போகிறோம்.

1865ஆம் ஆண்டின் பேரிழப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்தன. மாதக்கணக்கில் நீண்ட பயணம் வாரக்கணக்கில் சுருங்கியது. ஏழைகளும் ஹஜ் செய்ய வழி பிறந்தது. ஆனால் பேதி எனப்படும் காலராவும் அதே வேகத்தில் பயணம் செய்தது. ஹிஜ்ரி 1281, அதாவது 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜில் கூடியிருந்த ஏறத்தாழ 90,000 பேரில் 15,000 பேர் அளவில் காலராவால் மாண்டனர் என அக்கால மதிப்பீடுகள் கூறுகின்றன. திரும்பிச் சென்ற கப்பல்கள் வழியே அந்நோய் எகிப்தை அடைந்து, அங்கிருந்து ஐரோப்பியத் துறைமுகங்களையும் எட்டியது.

ஐரோப்பிய அரசுகள் விழித்துக்கொண்டன. 1866இல் இஸ்தான்புல்லில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. இந்தியாவிலிருந்து வரும் ஹாஜிகளைச் செங்கடலின் தென்முனையிலேயே நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. மாநாட்டில் அரசுகளின் தூதர்களும் மருத்துவர்களும் பேசினர். யாரை நிறுத்தி வைக்கப் போகிறார்களோ அந்த ஹாஜிகளின் சார்பில் பேச அங்கே ஒருவரும் இல்லை.

இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசின் நிலைப்பாடோ வேறாக இருந்தது. கப்பல் வணிகம் தடைபடுவதை அது விரும்பவில்லை. காலரா ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று, காற்றும் நிலமுமே அதற்குக் காரணம் என்று அதன் சுகாதார அதிகாரிகளுள் முதன்மையானோர் நெடுங்காலம் வாதிட்டனர். 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதிப்படுத்திய பின்னரும் அவ்வாதம் உடனே அடங்கிவிடவில்லை. ஒருபுறம் அச்சம், மறுபுறம் ஆதாயம். இரண்டுக்கும் இடையில் ஹாஜிகள் நின்றார்கள்.

அவர்களுடைய உயிருக்குக் கப்பல்களில் என்ன மதிப்பு இருந்தது என்பதற்கு 1880ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று போதும். சுமார் 950 ஹாஜிகளுடன் சிங்கப்பூர், பினாங்கு வழியாக வந்த 'ஜித்தா' என்னும் கப்பல் புயலில் பழுதுற்றது. கப்பல் மூழ்கிவிடும் என்று கருதிய கப்பல் தலைவரும் அதிகாரிகளும் பயணிகளை நடுக்கடலில் கைவிட்டுப் படகேறித் தப்பினர். கப்பல் மூழ்கவில்லை. அல்லாஹ்வின் அருளால் மற்றொரு கப்பல் அதனை இழுத்து ஏடனில் கரை சேர்த்தது.

கமரானில் நடந்தது என்ன?

1882இல் உஸ்மானிய அரசின் சுகாதார மன்றம் கமரானில் தொற்றுத்தடுப்பு நிலையத்தைத் திறந்தது. அம்மன்றத்தில் ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகளும் அங்கம் வகித்தனர். கமரான், ஹுதைதாவுக்கு வடக்கே ஸலீஃப் கரைக்கு எதிரில் அமைந்த, மழையரிதான தீவு. மீன்பிடித்தும் முத்துக்குளித்தும் வாழ்ந்த சிறு சமூகமே அங்கே இருந்தது. அவர்களுடைய எண்ணிக்கையைவிடப் பல மடங்கு ஹாஜிகள் ஒவ்வொரு பருவத்திலும் அத்தீவில் இறங்கத் தொடங்கினர்.

கப்பல் நங்கூரமிட்டதும் ஹாஜிகள் படகுகளில் கரைக்குக் கொண்டுவரப்படுவர். அவர்களுடைய ஆடைகளும் மூட்டைகளும் நீராவி இயந்திரத்திலிட்டுக் கிருமி நீக்கப்படும். பின்னர் கப்பல்வாரியாகப் பிரிக்கப்பட்டு முகாம்களில் தங்க வைக்கப்படுவர். தொடக்க காலத்தில் பொதுவாகப் பத்து நாட்கள் தங்க வேண்டியிருந்தது. இடையில் எவருக்கேனும் காலரா கண்டால் நாட்களின் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். இதற்கான கட்டணத்தை ஹாஜிகளே செலுத்த வேண்டும்.

நீரும் உணவும் விலை மிகுந்திருந்தன. தங்குமிடம் வெயிலைத் தாங்குவதாக இல்லை என்ற முறையீடுகள் தொடர்ந்து எழுந்தன. ஆயுள் முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அத்தீவிலேயே கரைவதை ஏழை ஹாஜி பார்த்துக்கொண்டிருந்தார். ஹஜ்ஜின் நாள் நெருங்க நெருங்க, அரஃபாவை அடைய முடியுமோ முடியாதோ என்ற கலக்கம் வேறு. நோயைச் சொன்னால் தம்முடன் வந்த அனைவரும் மேலும் பத்து நாட்கள் சிறைப்பட நேரும் என்ற நிலையில், நோயை மறைக்கும் எண்ணம் பலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. நோயைக் கண்டறிய ஏற்படுத்திய முறையே நோயை மறைக்கத் தூண்டியது. விதி சரியாக இருந்தது. அதனைச் செயற்படுத்திய விதம் சரியாக இல்லை.

டாக்டர் அப்துர் ரஸ்ஸாக்

இந்த வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத ஒருவர் டாக்டர் அப்துர் ரஸ்ஸாக். இந்திய முஸ்லிம் மருத்துவரான அவர், ஹாஜிகளின் சுகாதார நிலையை ஆராயும் பொருட்டு 1878இல் ஆங்கில அரசால் ஹிஜாஸுக்கு அனுப்பப்பட்டார். பின்னர் ஜித்தாவில் துணைத் தூதராகப் பணியாற்றினார். கப்பல்களின் நெரிசல், குடிநீரின் நிலை, கமரானில் ஹாஜிகள் படும் இன்னல் ஆகியவற்றை அவர் ஆண்டுதோறும் அறிக்கைகளாக எழுதினார். அரசு அவரிடம் அரசியல் செய்திகளையும் எதிர்பார்த்தது என்பதும் உண்மை. இதனால் அவரை ஐயத்தோடு பார்த்தவர்களும் இருந்தனர்.

1893ஆம் ஆண்டு ஹஜ்ஜில் காலரா மீண்டும் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. அதன்பின் கட்டுப்பாடுகள் கடுமையாயின. புதிய கிருமிநீக்க இயந்திரங்கள் ஹிஜாஸில் நிறுவப்பட்டன. அவை மக்களைக் கொல்ல வந்தவை என்ற வதந்தி பரவியது. 1895 மே மாதம் ஜித்தா நகர் மதிலுக்கு வெளியே வெளிநாட்டுத் தூதர்கள் தாக்கப்பட்டனர். அதில் டாக்டர் அப்துர் ரஸ்ஸாக் கொல்லப்பட்டார். அதே காலப்பகுதியில் மக்காவிலிருந்த கிருமிநீக்கக் கருவிகளும் அடித்து நொறுக்கப்பட்டன.

இக்கொலைக்கு எந்த நியாயமும் கற்பிக்க இயலாது. எனினும் மக்கள் ஏன் வதந்தியை நம்பினர் என்று சிந்திக்க வேண்டும். விளக்கமின்றி வந்த இயந்திரம், தங்கள் மொழியில் பேசாத அதிகாரி, தங்களிடம் கேட்காமல் எடுத்த முடிவு ஆகியவை சேர்ந்து மக்களின் மனத்தில் நம்பிக்கைக்கு இடமில்லாமல் செய்திருந்தன. அந்த வெற்றிடத்தில் வதந்தி குடியேறியது. ஹாஜிகளுக்காக எழுதியவரே அதற்குப் பலியானார்.

கை மாறிய பொறுப்பு

1895இலேயே இந்தியாவில் ஹஜ் கப்பல்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. பம்பாயில் பிளேக் பரவியதால் 1897இல் அங்கிருந்து ஹஜ் பயணமே தடை செய்யப்பட்டது. 1905இல் ஸினாய் கரையிலுள்ள தூர் நிலையத்தில், திரும்பி வந்த ஹாஜிகளின் உடல்களிலிருந்து காலராக் கிருமியின் ஒரு வகை பிரித்தெடுக்கப்பட்டது. 'எல் தோர்' என்று அச்சிற்றூரின் பெயரையே அக்கிருமி தாங்கியுள்ளது. 1961இல் தொடங்கிய உலகளாவிய காலராப் பரவலுக்கு இவ்வகையே காரணம்.

முதல் உலகப் போரின்போது, 1915இல், ஆங்கிலேயர் கமரானைக் கைப்பற்றினர். 1926இல் பிரிட்டனும் நெதர்லாந்தும் உடன்பாடு செய்து நிலையத்தைக் கூட்டாக நடத்தின. ஜாவா ஹாஜிகள் நெதர்லாந்தின் ஆட்சிக்குட்பட்டவர்களாக இருந்தது இதற்குக் காரணம். கப்பல்களிலேயே மருத்துவர், புறப்படும் துறைமுகத்திலேயே தடுப்பூசி என்ற முறை படிப்படியாக வந்தது. நோயற்ற கப்பல்களுக்குத் தங்கும் காலம் குறைந்தது. 1952இல் கமரான் நிலையம் மூடப்பட்டது.

1956இல் ஜித்தாவின் கடலோரத்தில் சவூதி அரசு தன் சொந்தப் பொறுப்பில் பெரும் தொற்றுத்தடுப்பு மருத்துவமனையைத் திறந்தது. அதனையடுத்து, ஹாஜிகளுக்கென்று தனியே வகுக்கப்பட்டிருந்த பன்னாட்டுச் சுகாதார விதிகளை உலக சுகாதார நிறுவனம் நீக்கியது. ஹாஜிகளை வரவேற்கும் நாடே அவர்களின் நலத்தைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றது. 1987இல் மூளைக்காய்ச்சல் பரவியபோது தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது; ஹாஜிகள் அதனை எதிர்க்கவில்லை. 2020இல் கொரோனா காரணமாக மிகச் சிலரே ஹஜ் செய்ய நேர்ந்தபோதும் உம்மத் பொறுமையுடன் அதனை ஏற்றது. பழைய நாட்களைவிட அது கடுமையான கட்டுப்பாடுதான். ஆயினும் அதன் காரணம் விளக்கப்பட்டது. விளக்கியவர்கள்மீது மக்களுக்கு நம்பிக்கையும் இருந்தது.

நம் கரையில்

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களை நிறுத்தி வைத்துச் சோதித்த முகாம் நம் மண்டபத்தில் இருந்தது. இன்றும் அவ்விடம் 'மண்டபம் கேம்ப்' என்றே வழங்கப்படுகிறது. 1939இல் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறி, குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் தெளிவாக ஒப்படைக்கப்பட்டது. அச்சட்டம் இன்றும் தமிழகத்தில் நடைமுறையில் உள்ளது.

ஆகவே நம் கடலோர ஊரில் காய்ச்சல் பரவி, சுகாதார ஆய்வாளர் வீடு வீடாக வந்து தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்கும்போது, கமரானை நினைவு கூர்வோம். அவரைச் சந்தேகத்துடன் வாசலில் நிறுத்துவதும், வீட்டில் நோய் இருப்பதை மறைப்பதும் அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் அநீதி. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்றன்றோ? மறுபுறம், அதிகாரிகளிடம் விளக்கம் கேட்பதும், நோயுற்ற ஏழையின் கூலி இழப்பைப் பற்றிப் பேசுவதும் நம் உரிமை.

இவ்விரண்டுக்கும் பாலமாக அமைய வேண்டியது மஹல்லா ஜமாஅத். ஜும்ஆ நாளில் ஓர் அறிவிப்பு, பெண்களிடம் பேசப் பெண் செவிலியர், தனிமையில் இருக்கும் குடும்பத்திற்கு பைத்துல்மாலிலிருந்து அரிசியும் மருந்தும் ஆகிய மூன்றும் கிடைத்தால், நோயை மறைக்க வேண்டிய தேவை எவருக்கும் எழாது. தங்கியிருப்பவர் பொறுமை காக்கட்டும். வெளியே இருப்பவர் அவருடைய சுமையைத் தாங்கட்டும். ஸர்ஃகில் உமர் (ரலி) அவர்கள் காட்டிய வழியும் இதுவே: முதலில் மக்களைக் கேட்டார்கள், பிறகு முடிவெடுத்தார்கள்.

நோயிலிருந்து நம் ஊர்களைக் காப்பதையும், நோயுற்றோரின் கண்ணியத்தைக் காப்பதையும் ஒரே அமானிதமாகக் கருதிச் செயற்படும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.