வீட்டுக்கு முன் அண்டை வீட்டார்: ஓய்வுக்காலத்தில் பக்கத்து மாநிலம் செல்வோர் கவனத்திற்கு

இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துவிட்டுத் திரும்பும் சகோதரர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், பாலக்காட்டுப் பக்கம் ஒரு இடம் மலிவாக வருகிறது, வாங்கலாமா?" சிலர் பெங்களூரு என்பார்கள். சிலர் மைசூரு, சிலர் காரைக்கால். சொந்த ஊரில் மனை விலை ஏறிவிட்டது, பிள்ளைகள் வேறு நகரங்களில் குடியேறிவிட்டார்கள் என்னும்போது இந்த எண்ணம் வருவது இயல்புதான்.

நமக்குத் தெரிந்த ஒருவர் கேரளத்தில் பத்து சென்ட் வாங்கினார். ஆவணத்தில் 'நிலம்' என்று எழுதியிருந்தது. நிலம்தானே வாங்குகிறோம் என்று அவரும் இருந்துவிட்டார். மலையாள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்றால் நெல்வயல். வீடு கட்டத் தகுந்த மனைக்கு அங்கே 'புரயிடம்' என்று பெயர். பணம் கொடுத்துப் பதிவும் முடிந்த பிறகே அவருக்கு இது தெரிந்தது. அந்த இடத்தில் இன்றுவரை வீடு எழவில்லை.

வீட்டைப் பார்க்கும் முன் அண்டை வீட்டாரைப் பார் என்று அரபியில் ஒரு பழமொழி உண்டு. ஓய்வுக்கால வீட்டுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். 60 வயதில் வாங்கும் வீட்டில் நாம் 75 வயதிலும் இருக்க வேண்டும். அன்று வண்டி ஓட்டத் தெம்பு இருக்காது. கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டுமே இருக்கலாம். அந்த நாளை மனதில் வைத்தே ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேரளம்

2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம்தான் இங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. வில்லேஜ் ஆபீஸின் அடிப்படை வரிப் பதிவேட்டில் இடம் 'புரயிடம்' என்று இருக்கிறதா, நெல்வயல்களின் 'டேட்டா பேங்க்' பட்டியலில் அது சேர்ந்திருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டும். நம் ஊரில் பட்டா மாறுதல் என்பதை அங்கே 'போக்குவரவு' என்பார்கள். விற்பவர் பெயருக்குப் போக்குவரவு முடிந்து, நடப்பு ஆண்டு நிலவரி கட்டிய ரசீதும் இருக்க வேண்டும். மலைச்சரிவில் அழகான இடம் என்று மயங்க வேண்டாம். 2018 வெள்ளமும், 2024 ஜூலையில் வயநாட்டில் ஏற்பட்ட நிலச்சரிவும் நம் கண்முன் நடந்தவை.

கர்நாடகம்

பெங்களூரில் 'கத்தா' என்பது சொத்துவரிப் பதிவு. 'ஏ கத்தா', 'பி கத்தா' என்று இரண்டு வகை கேள்விப்படுவீர்கள். விதிமுறைக் குறை உள்ள சொத்துகளே 'பி' பட்டியலில் இருந்தவை. விலை குறைவாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். 'ரெவன்யூ சைட்' என்று விற்கப்படுவது, வீட்டுமனையாக முறைப்படி மாற்றப்படாத விவசாய நிலம். மாற்றியதற்கான ஆணையைக் கேளுங்கள். தண்ணீரையும் விசாரியுங்கள். 2024 கோடையில் பெங்களூரின் பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் டேங்கர் லாரியை நம்பியே இருந்தன.

ஆந்திரம்

சென்னைக்கு அருகில் என்பதால் தடா, சூளூர்பேட்டை, சித்தூர் பக்கம் மனை வாங்குவோர் உண்டு. ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலங்களை விற்க 1977ஆம் ஆண்டின் சட்டம் தடை விதித்தது. பின்னர் சில தளர்வுகள் வந்தாலும், வாங்கப்போகும் சர்வே எண் பதிவுச் சட்டத்தின் '22 ஏ' தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டே ஆக வேண்டும்.

காரைக்கால்

காரைக்கால் மாநிலம் அல்ல, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் பகுதி. பேச்சும் பழக்கமும் நம்முடையவை என்பது பெரிய வசதி. ஆனால் ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் புதுச்சேரி நகரம் சுமார் 130 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இதயம், சிறுநீரகம் தொடர்பாகத் தொடர் சிகிச்சையில் இருப்போர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பணமும் பொது விதிகளும்

பத்திரச் செலவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. தமிழ்நாட்டில் இரண்டும் சேர்ந்து 9 விழுக்காடு. 50 இலட்சம் ரூபாய்க்கோ அதற்கு மேலோ வாங்கினால், விலையில் 1 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால் பிடிக்க வேண்டிய வரி இன்னும் அதிகம்.

கட்டி முடிக்காத அடுக்குமாடி என்றால், 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி அந்தத் திட்டம் அந்த மாநிலத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் கேட்பது அந்தச் சட்டப்படி தவறு.

வெளிநாட்டில் இருந்துகொண்டே வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர்கள் வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க அனுமதி இல்லை. வட்டிக் கடனைத் தவிர்க்க விரும்புவோர் கையிருப்புக்கு ஏற்ற வீட்டோடு நிற்பதே நல்லது. மொத்தச் சேமிப்பையும் சுவரில் போட்டுவிட்டால் நாளை மருந்துக்குப் பிள்ளைகளிடம் கையேந்த வேண்டிவரும்.

மருத்துவம்

தமிழ்நாடு அரசின் காப்பீட்டுத் திட்டம் இங்கே வசிக்கும் குடும்பங்களுக்கானது. குடும்ப அட்டையை வேறு மாநிலத்துக்கு மாற்றினால் அது தொடராது. ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தில், 70 வயதைக் கடந்தோருக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை 2024 அக்டோபரில் தொடங்கியது. போகும் ஊரில் எந்த மருத்துவமனை அதை ஏற்கிறது என்று விசாரியுங்கள்.

கேரளத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சேவை மாநிலம் முழுவதும் பரவி, 2008இல் அரசின் கொள்கையாகவே ஆனது. படுத்த படுக்கையாக இருப்போரின் வீட்டுக்கே செவிலியர் வந்து பார்க்கும் ஏற்பாடு பல ஊர்களில் இருக்கிறது.

மொழியும் மஹல்லாவும்

ஆண்கள் பள்ளிவாசலில் நான்கு பேரைப் பழகிக்கொள்வார்கள். வீட்டிலிருக்கும் பெண்மணிக்கு யார் துணை? நள்ளிரவில் நெஞ்சு வலி என்று மருத்துவரிடம் எந்த மொழியில் சொல்வார்? வீடு பார்க்கப் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை அதோடு விடுங்கள். அந்த ஊர் ஜமாஅத் புதியவர்களை உறுப்பினராகச் சேர்க்கிறதா, சந்தா என்ன, மையவாடி உரிமை உண்டா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் ஜனாஸாவை வைத்துக்கொண்டு பிள்ளைகள் அலைவது அதைவிடச் சங்கடம்.

யார் பெயரில்?

பிள்ளைகள் இருக்கும்போது கணவரின் சொத்தில் மனைவிக்கு வாரிசுரிமைப் பங்கு எட்டில் ஒன்றுதான். முழுக்கக் கணவர் பெயரில் இருக்கும் வீடு அவருக்குப் பின் பங்கு பிரிக்கப்பட வேண்டியது. மொழி தெரியாத ஊரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் கையெழுத்துக்காக அந்தத் தாய் காத்திருக்க வேண்டுமா? வாங்கும்போதே இருவர் பெயரிலும் வாங்கலாம். அல்லது உயிரோடு இருக்கும்போதே அவருக்குரியதை ஹிபாவாகக் கொடுத்து, உடைமையையும் ஒப்படைத்துவிடலாம். இதை ஆலிம் ஒருவரிடமும் வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டுச் செய்யுங்கள்.

முதலில் வாடகைக்கு

நாம் கேட்பவர்களிடம் சொல்வது இதுதான். பிடித்த ஊரில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு மழைக்காலம், ஒரு கோடை, ஒரு ரமளான், ஒரு காய்ச்சல், இந்த நான்கையும் அங்கே கடந்து பாருங்கள். பிறகு அந்த மாநில மொழி படிக்கத் தெரிந்த, தரகரோடு தொடர்பில்லாத வழக்கறிஞரை வைத்துத் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பாருங்கள். ஓராண்டு வாடகை வீண் செலவாகத் தோன்றும். கட்ட முடியாத பத்து சென்டை வைத்திருக்கும் நம் சகோதரரைக் கேட்டால், அது எவ்வளவு சிறிய தொகை என்று சொல்வார்.

உழைத்துச் சேர்த்த பொருளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.