அஸ்வெசும மேன்முறையீடு: எல்லயும் ஊவாத் தோட்டங்களும்

இலங்கை அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு மறுக்கப்பட்ட குடும்பமோ, தன் நிலைக்குக் குறைவான கொடுப்பனவுப் பிரிவில் சேர்க்கப்பட்ட குடும்பமோ அத்தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோருவதே அஸ்வெசும மேன்முறையீடு. ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில் உள்ள எல்ல, பசறை, ஹப்புத்தளை, ஹல்துமுல்ல முதலிய பிரதேச செயலகப் பிரிவுகளில் வாழும் தோட்டக் குடும்பங்களுக்கு இது அன்றாடச் சீவியத்தோடு பிணைந்த உரிமை.

பின்னணி

2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் இத்திட்டத்தின் அடிப்படை. 1995இல் தொடங்கிய சமுர்த்தித் திட்டத்தின் உதவிக் கொடுப்பனவுக்குப் பதிலாக 2023 ஜூலையில் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய 6 துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் தெரிவாகின்றன. தொடக்கத்தில் 4 பிரிவுகளுக்கு மாதம் 2,500 முதல் 15,000 ரூபாய் வரை ஒதுக்கப்பட்டது. முதல் பட்டியல் வெளியானதும் நாடெங்கும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. ஒருவர் தனக்காகச் செய்வது மேன்முறையீடு. தகுதியற்ற இன்னொருவர் பட்டியலில் இருப்பதை எதிர்ப்பது ஆட்சேபனை.

தோட்டங்களில்

வரிசை வீடாகிய லயத்தின் காம்பரா ஒன்றில் பெற்றோரும் மணமான பிள்ளைகளும் தனித்தனிக் குடும்பங்களாக வாழ்வது வழக்கம். அங்கே எது ஒரு குடும்பம் என்ற கேள்வியே தீர்மானத்தை மாற்றிவிடும். கல்சுவரும் தகரக் கூரையும் கொண்ட லயத்தின் நிலம் குடியிருப்பவர் பெயரில் இல்லை. ஆகவே வீட்டைப் பார்த்து வறுமையை அளப்பது எளிதன்று. பிரதேச செயலகத்துக்குப் போய்வரும் நாளில் பேர் (வேலைநாள் பதிவு) விழாது, அன்றைய சம்பளமும் கிடைக்காது. மாவட்டத்தின் பல பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டுள்ளன. ஆகவே அங்கே தமிழில் கடிதம் பெறுவது சலுகையன்று. அரசியலமைப்பு தந்த உரிமை.

பிற வழிகள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் கேட்டால் அதன் காரணத்தை அதிகாரி எழுத்தில் தரவேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதுளைப் பிராந்திய அலுவலகத்திலும் முறையிடலாம். மேன்முறையீட்டு நீதிமன்றில் எழுத்தாணை கோரவும் வழியுண்டு. ஆனால் நாட்கூலிக் குடும்பத்தால் அதன் செலவைத் தாங்க முடியாது.

சீர்திருத்தம்

பிரித்தானியாவில் நலன்புரிக் கொடுப்பனவுத் தீர்மானத்தை ஒருவர் எதிர்த்தால், 2013 முதல் அதை எடுத்த திணைக்களமே முதலில் மீளாய்வு செய்கிறது. அதை ஏற்காதவர் திணைக்களம் சாராத தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஊவாவுக்கும் இந்த இரண்டாம் படி வலுவாக வேண்டும்: முதல் தீர்மானத்தில் பங்கெடுக்காத ஒருவர் தோட்டத்துக்கே வந்து விசாரிக்க வேண்டும். அதற்கு முன், எந்தக் குறிகாட்டியில் குடும்பம் தவறியது என்பதை, கேட்கும்வரை காத்திராமல், மறுப்புக் கடிதத்திலேயே தமிழில் எழுதித் தரவேண்டும். காரணம் தெரியாதவர் எதை மறுத்து வாதாடுவார்? மேன்முறையீட்டு உரிமை அந்தக் கடிதத்திலிருந்தே தொடங்குகிறது.