மீன் கழிவும் ஊராட்சியும்: கலவான ஆற்றங்கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஆற்று மீனைப் பிடிக்கும் உரிமை எவருக்குரியது என்பது பற்றிப் பலர் எழுதியுள்ளனர். பிடித்த மீனின் தலையும் குடலும் செதிலும் எங்கே சென்றன, அவற்றை அகற்றியோர் யாவர் என்பன பற்றி எழுதியோர் சிலரே. பொருள் அற்பமானதெனச் சிலர் கருதலாம். ஆயினும், ஒரு சமுதாயத்தில் எவர் ஊரவராகக் கணிக்கப்பட்டனர், எவர் அக்கணிப்புக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர் என்பதை அறிவதற்குக் கழிவு நல்லதொரு சான்றாகும். கழிவு பற்றிய விதிகளை உள்ளூராட்சி மன்றங்கள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதைக் கலவானப் பகுதித் தோட்டங்களை மையமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்பீட்டின் பொருட்டு அலாஸ்காவின் கீனாய் நகரத்தையும் எடுத்துக்கொள்கின்றோம்.

கலவான, இரத்தினபுரி மாவட்டத்தின் தென்மேற்கே சிங்கராஜ வனத்தின் வட எல்லையை அடுத்துள்ளது. இப்பகுதி நீரைத் திரட்டிச் செல்லும் குக்குலே கங்கை களு கங்கையுடன் கலக்கின்றது. நுவரெலியாவிற் போன்று தோட்டங்கள் இங்கு மலைமுழுதும் தொடர்ந்து பரந்திருக்கவில்லை. தேயிலையும் இறப்பரும் பயிரிடப்பட்ட தோட்டங்களும் சிங்களக் கிராமங்களும் சிறு காணிகளும் ஒன்றையொன்று ஊடறுத்துக் கிடக்கின்றன. லயத்துப் பீலியிலிருந்து வழியும் நீரே சற்றுக் கீழே கிராமத்தவரின் ஓடையாகின்றது. எனவே தோட்டத்துக் கழிவு வேறு, கிராமத்துக் கழிவு வேறு என்று பிரித்தல் இயற்கைக்கு ஒவ்வாதது. அப்பிரிவினையைச் செய்தது சட்டமேயாகும்.

தோட்ட மக்களின் உணவில் மீன் என்பது பெரும்பாலும் கருவாடும், கடையில் 'சமன்' என்று கேட்டு வாங்கும் தகர மீனுமேயாகும். அத்தகரத்துள் இருப்பது பெரும்பாலும் வேறு கடல்மீனாயினும் பெயர் நிலைத்துவிட்டது. ஓய்வுநாளில் ஆற்றில் அகப்படும் மீன் பீலியடியில் அரியப்படும். குடலும் செதிலும் லயத்துக் கானில் ஓடும். வெற்றுத் தகரங்கள் அக்கானின் ஓரத்திலேயே கிடக்கும். இதனைக் கண்டு தொழிலாளர் துப்புரவு அறியாதவர் எனத் தீர்ப்பளித்தோர் உளர். அத்தீர்ப்பின் வலிமையை அறிய, மெய்யான சமன் மீன் பிடிபடும் ஓரூரின் செய்தி உதவும்.

அலாஸ்காவில் 1980களின் தொடக்கத்திலே 'சொந்தப் பாவனைக்கான மீன்பிடி' என்னும் தனிவகை சட்டத்தில் இடம்பெற்றது. வணிகத்துக்கன்றி வீட்டுணவுக்காக மீன் பிடிக்கும் இவ்வுரிமை அம்மாநிலத்தில் வதிவோர்க்கு மாத்திரமே உரியது, பிடித்ததை விற்றலாகாது. கீனாய் ஆற்றின் முகத்துவாரத்தில் யூலை 10 முதல் 31 வரை, நீண்ட பிடியுடைய கைவலையால் மக்கள் சமன் மீனை அள்ளுவர். குடும்பத் தலைவருக்கு 25 மீன்களும் குடும்பத்தின் ஏனையோர் ஒவ்வொருவருக்கும் 10 மீன்களும் ஆண்டு வரம்பாகும். 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அந்நகரின் குடித்தொகை ஏறத்தாழ 7,400 ஆகும். சாலைவழியாக ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஆங்கரேஜ் முதலிய இடங்களிலிருந்து அம்மூன்று வாரங்களில் பெருந்திரளானோர் அங்கு வந்து சேர்வர்.

மீன்பிடியை அனுமதித்தது மாநிலம். கழிவைப் பெற்றது நகரம். கரையிலேயே அரியப்பட்ட மீன்களின் தலைகளும் முட்களும் மணலிற் குவிந்தன. ஆற்றில் எறியப்பட்டவற்றையும் வற்றுப்பெருக்கு மீண்டும் கரையில் ஒதுக்கியது. நாற்றமும் கடற்காகங்களும் பெருகின. நகர சபை வாளாவிருக்கவில்லை. வாகனத் தரிப்புக்கும் கரையிற் கூடாரமிடுவதற்கும் கட்டணம் அறவிட்டுச் செலவை ஈடுசெய்ய முயன்றது. இயந்திரங்களைக் கொண்டு கரையை வாரி, கழிவை வற்றுநீருடன் போகச் செய்தது. கழிவைக் கரையில் விட்டுச் செல்லலாகாது என வலியுறுத்தியது. மாநில அரசிடம் முறையிட்டது. சிக்கல் முற்றாகத் தீர்ந்துவிட்டதெனக் கூறமுடியாது. ஆயினும், முறையிட வாயும் துப்புரவு செய்யக் கையும் செலவிடப் பையும் அந்த உள்ளூராட்சி மன்றத்துக்கு இருந்தன. அங்கு வாழ்வோர் வாக்காளராகவும் வரியிறுப்போராகவும் இருந்தமையே இதற்கு அடிப்படையாகும். கழிவைக் குவித்த வசதிபடைத்த மாநிலத்தவரை எவரும் இயல்பாகவே துப்புரவு அறியாத இனத்தவர் எனக் கூறவுமில்லை.

இவ்வடிப்படை நமது தோட்டங்களில் எவ்வாறு மறுக்கப்பட்டது என்பதே அடுத்து நோக்கற்பாலது. 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம் அசுத்தம் செய்வோரைத் தண்டிக்க வழிவகுத்தது. 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராம மன்றங்களுக்குப் புத்துயிர் அளித்தது. ஆனால் தோட்டம் இவ்வமைப்பின் உறுப்பாகவில்லை. 1912ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டமும் தொழிலாளரின் நோய்கள் பற்றிய சட்டமும் தோட்டச் சுகாதாரத்தை உரிமையாளரின் பொறுப்பாக்கின. லயத்தின் கானைத் துப்புரவு செய்தவர் தோட்டச் சம்பளம் பெற்ற வாசற்கூட்டியேயாவார். அத்தொழில் சாதிப் படிநிலையிற் கீழே வைக்கப்பட்டோர் மீதே சுமத்தப்பட்டமையும் ஈண்டு மறக்கற்பாலதன்று. சுருங்கக்கூறின், கிராமத்தில் பொதுக் கடமையாயிருந்தது தோட்டத்தில் துரையின் தயவாயிற்று.

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத் தொழிலாளரிற் பலர் அரசாங்க சபைக்கு வாக்களிக்கும் தகுதி பெற்றனர். ஆனால், நாட்டின் சட்டசபைக்கு வாக்களித்தவர் தம் லயத்தை அடுத்த கிராமத்தின் சபைக்கு வாக்களிக்க இயலவில்லை. 1937இல் கிராமச் சமுதாயச் சட்டத்துக்குத் திருத்தம் கொணரப்பட்டபோது, அதுவரை புறத்தே நின்ற ஐரோப்பியரும் பறங்கியரும் உள்வாங்கப்பட, இந்தியத் தோட்டத் தொழிலாளர் மட்டும் விலக்கப்பட்டனர். இந்திய அரசாங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. இறுதியில் 1938இல், தோட்டம் வழங்கிய குடியிருப்பில் வாழும் தொழிலாளர் எவராயினும் விலக்கப்படுவர் என்று வாசகம் மாற்றப்பட்டது. இனத்தின் பெயர் நீங்கியது, விலக்கு நீங்கவில்லை. லயத்தில் வாழ்வதே தகுதியின்மையாயிற்று. தொழிலாளர் காணிவரி செலுத்துவதில்லை, அவர்களுக்கு வேண்டியவற்றைத் தோட்டமே செய்கின்றது என்பன அன்று கூறப்பட்ட நியாயங்கள். தோட்டம் செய்யத் தவறினால் எவரிடம் முறையிடுவது என்னும் வினாவுக்கு அந்நியாயங்களில் விடையில்லை.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இவ்விலக்கை நாடளாவியதாக்கியது. கலவானத் தொகுதியே இதற்கு எடுத்துக்காட்டு. 1981 சனவரியில் நிகழ்ந்த இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த சரத் முத்தெட்டுவேகம வெற்றிபெற்றமை முற்போக்குச் சக்திகளுக்கு ஊக்கமளித்த நிகழ்ச்சியாகும். ஆயினும், அத்தொகுதியின் தோட்டங்களில் உழைத்த நாடற்றோர்க்கு அத்தேர்தலிலும் வாக்கு இருக்கவில்லை. அதே ஆண்டு ஓகத்து மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டத் தமிழர் வன்செயலுக்கு இலக்காயினர். இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, உழைக்கும் மக்களின் ஒற்றுமைக்குக் குறுக்கே நின்ற வேலி எத்தகையது என்பது புலனாகும்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் தோட்டங்களையும் சபை எல்லைக்குள் அடக்கியது. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் தொழிலாளர் வாக்காளராகவும் ஆயினர். அச்சட்டத்தின் 93ஆம், 94ஆம் பிரிவுகள் குப்பைகூளத்தை அகற்றுவதைச் சபையின் கடமையாக்கி, சேர்க்கப்பட்ட கழிவைச் சபையின் உடைமையாகவும் கொள்கின்றன. எனினும் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிட அது இடந்தரவில்லை என்றே நடைமுறையிற் கொள்ளப்பட்டது. தோட்டம் தனியார் இடம் என்பதே கூறப்பட்ட காரணம். இங்கு ஒரு முரண்பாட்டைக் காண்கின்றோம். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டக் காணிகளிற் பெரும்பகுதி அரசுடைமையாயிற்று. 1992இல் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டது முகாமையேயன்றிக் காணியின் உடைமையன்று. ஆகவே, அரசின் காணியில் வாழும் அரசின் பிரசைகளுக்கு அரசின் உள்ளூர் மன்றம் சேவை செய்தல் தகாது என்பதே அவ்விளக்கத்தின் பொருளாயிற்று. தொழிலாளர் வாக்களித்து ஓர் உறுப்பினரைத் தெரிந்தனுப்பலாம்; அவ்வுறுப்பினர் அவர்களது கானுக்கு ஒரு கல்லும் இடுவித்தல் அரிது.

2018ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபைகள் சேவையாற்ற வழி திறக்கப்பட்டது. 1871இலிருந்து எண்ணினால் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்துள்ளது. சட்டம் திறந்த வாயிலினூடே சபையின் வண்டி தானாகச் சென்றுவிடாது. தோட்ட முகாமையுடன் கலந்தே பணியாற்ற வேண்டியிருத்தலும், சிறிய சபைகளின் வருவாய்க் குறைவும், லயங்களுக்குச் செல்லும் பாதைகளின் நிலையும் தடைகளாகவே உள்ளன. 2003, 2017 ஆகிய ஆண்டுகளின் மே மாதங்களில் களு கங்கைப் படுகையைப் பெருவெள்ளம் மூடியபோது, தோட்டத்துக் கழிவையும் கிராமத்துக் கழிவையும் அது பிரித்துப் பார்க்கவில்லை என்பதை இப்பகுதி மக்கள் நன்கறிவர்.

எனவே, மீன் கழிவு போன்றவற்றைப் பற்றி விதி செய்தல் எளிது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் நஞ்சும் வெடியும் கொண்டு மீன் பிடித்தலைத் தடைசெய்தமை போல் நல்ல விதிகள் நம்மிடம் உள. விதியைக் கரைவரை கொண்டுசெல்வது உள்ளூராட்சியே. லயந்தோறும் கழிவுக்குழியும், குறித்த நாளில் தகரங்களைச் சேர்த்துச் செல்லும் வண்டியும், மீன் குடலை மரக்கறித் தோட்டத்துக்கு உரமாக்கும் ஏற்பாடும் பெருஞ்செலவுக்குரியன அல்ல. அவற்றைத் தயவாக வேண்டாது, வரவுசெலவுத் திட்டத்தில் தமக்குரிய பங்காகக் கேட்கும் நிலைக்குத் தொழிலாளரும், அக்கோரிக்கையைத் தமதாகக் கொள்ளும் நிலைக்குக் கீழோடையில் நீர் மொள்ளும் கிராமத்தவரும் வருதல் வேண்டும். சேவை மறுக்கப்பட்ட மக்கள் மீது சுமத்தப்பட்ட துப்புரவின்மை என்னும் பழி, அம்மறுப்பின் விளைவேயன்றி அவர்களது இயல்பன்று என்பதே இவ்வாய்வின் துணிபாகும்.