கோடு கட்டிய கோட்டை

வாளும் வேலும் வேண்டாம், வெடிகுண்டும் வேண்டாம். ஒரு பென்சிலும் ஒரு வரைபடமும் போதும், ஓர் ஊர் மக்களின் உரிமையை ஒழித்துவிட! நகைக்காதீர் தோழர்களே, நடந்த கதை இது. நடந்த இடமோ, மக்களாட்சியின் மாண்பினை உலகுக்கெல்லாம் உபதேசிக்கும் அமெரிக்கா. அங்கே, அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்றொரு சிறு நகரம்.

அந்நகருக்குப் புகழ் தேடித் தந்தது ஒரு கல்விக்கூடம். 1880-இல் மாநில மேலவைத் தேர்தலில் நின்ற வெள்ளையர் ஒருவர், கறுப்பரின் வாக்குகளை நாடி, முன்னாள் அடிமையான லூயிஸ் ஆடம்சிடம் வந்தாராம். கைமாறாக ஆடம்ஸ் கேட்டது பொன்னன்று, பொருளன்று. தம் மக்களுக்கு ஒரு பள்ளி! வழிவழியாக அவ்வூரார் கூறிவரும் வரலாறு இது. 1881-இல் பள்ளி எழுந்தது, புக்கர் டி. வாஷிங்டன் அதன் தலைவரானார். வாக்கு, பள்ளியைப் பெற்றெடுத்தது!

பெற்ற தாயைப் பிள்ளை காத்ததா? அரசியலை நாடாதீர், தொழிலைக் கற்பீர், உழைத்து உயர்வீர், உரிமை பின்னர் தானே வரும் என்று போதித்தார் வாஷிங்டன். வந்ததோ 1901-ஆம் ஆண்டின் அலபாமா அரசியல் சட்டம்! எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி, தலைவரி என்று வேலிக்கு மேல் வேலி. வெள்ளையர் ஒருவர் நற்சான்று தந்தாலன்றிப் பெயரைப் பதிய இயலாது என்றனர் அதிகாரிகள். மனுக்கள் குவிந்தபோது, பதிவு வாரியத்தினர் பதவி விலகி, வாரியமே இல்லாமற் செய்த மாதங்களும் உண்டு.

மேக்கன் மாவட்ட மக்களில் ஐவரில் நால்வருக்கு மேல் கறுப்பர். கல்விக்கூடத்திலே பேராசிரியர்கள், 1923-இல் திறக்கப்பட்ட முன்னாள் படைவீரர் மருத்துவமனையிலே மருத்துவர்கள். ஆயினும் வாக்குச் சாவடியில் அவர்களுக்கு இடமில்லை! சமூகவியல் கற்பித்த சார்லஸ் கோமில்லியன் 1934-இல் விண்ணப்பித்தார், வாக்காளரானது 1939-இல். பட்டதாரிகளை உருவாக்கிய பேராசிரியருக்கு வாக்காளர் என்ற பட்டம் பெற ஐந்தாண்டு!

அவர் அயரவில்லை. டஸ்கீகி குடிமக்கள் சங்கத்தின் தலைவராக நின்று, ஒவ்வொருவராகப் பதிய வைத்தார். நகரில் கறுப்பின வாக்காளர் சுமார் 400 பேர் ஆயினர். நடுங்கியது ஆதிக்கம்! 1957-இல் மாநில மேலவை உறுப்பினர் சாம் எங்கல்ஹார்ட் 140-ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தார். சதுரமாக இருந்த நகர எல்லை 28 பக்கங்கள் கொண்ட விசித்திர உருவமாயிற்று. அந்த 400 பேரில் நான்கைந்து பேர் தவிர அனைவரும் எல்லைக்கு வெளியே. வெள்ளை வாக்காளர் ஒருவர்கூட வெளியேறவில்லை! நகருக்குப் புகழ் தந்த கல்விக்கூடமே நகருக்கு வெளியே நின்றது. யாரையும் அடிக்கவில்லை, எந்த வீட்டையும் இடிக்கவில்லை. கோடு ஒன்று கோட்டை கட்டிவிட்டது.

என் செய்தனர் மக்கள்? அவ்வாண்டு ஜூன் திங்களில் ஆயிரக்கணக்கானோர் தேவாலயத்தில் திரண்டனர். நண்பரிடமே வாங்குவோம் என்று முடிவெடுத்தனர். எங்கள் வாக்கு ஊருக்குள் வரக்கூடாது, எங்கள் பணம் மட்டும் வரலாமோ என்பது அவர்தம் வாதம். வெள்ளையர் கடைகள் வெறிச்சோடின, பல மூடப்பட்டன.

கூடவே வழக்கும் நடந்தது. எல்லை வகுப்பது மாநிலத்தின் உரிமை என்று கூறிக் கீழ் மன்றங்கள் இரண்டும் கைவிரித்தன. 1960 நவம்பர் 14 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் கோமில்லியன் பக்கமே தீர்ப்பளித்தனர். தீர்ப்பை எழுதியவர் பிராங்க்பர்டர். தொகுதிப் பங்கீட்டு வழக்குகளில் மன்றம் தலையிடலாகாது என்று 1946-இல் கூறிய அதே நீதிபதி! அவராலும் இந்தக் கோட்டைப் பொறுக்க முடியவில்லை. 1961-இல் பழைய எல்லை மீண்டது.

1964-இல் கறுப்பர் இருவர் நகரமன்றம் புகுந்தனர். வாக்குப் பலம் பெருகியும், பழிதீர்க்க வேண்டாம், இரு இனமும் சேர்ந்தே ஆளட்டும் என்றார் கோமில்லியன். பொறுமைக்கும் எல்லையுண்டு என்றனர் இளைஞர். அவர்கள் சினத்துக்குக் காரணமும் இருந்தது: 1966 ஜனவரியில், வெள்ளையருக்கென ஒதுக்கிய கழிப்பறையைக் கேட்ட மாணவர் சாமுவேல் யங் சுட்டுக் கொல்லப்பட்டார்; சுட்டவரை வெள்ளையரே நிறைந்த ஜூரி விடுவித்தது. ஆயினும் அதே ஆண்டில் லூசியஸ் அமர்சன் மாவட்டத்தின் ஷெரீபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1972-இல் ஜானி போர்டு நகரின் மேயரானார். இரண்டும் வாக்குச் சீட்டு தந்த வெற்றிகள்.

கோட்டின் கதை அத்தோடு முடிந்ததா? வாக்குரிமைக்குக் காவலாக 1965-இல் பிறந்த சட்டத்தின் முதுகெலும்பை, அதே அலபாமாவின் ஷெல்பி மாவட்டம் தொடுத்த வழக்கில், 2013-இல் அதே உச்சநீதிமன்றம் முறித்தது. தந்த கையே பறித்தது!

பள்ளியாசிரியன் நான். படி, உயர்வாய் என்று நாள்தோறும் மாணவரிடம் சொல்பவன். டஸ்கீகி என்னைத் திருத்துகிறது. அங்கே படித்தார்கள், பட்டம் பெற்றார்கள்; உரிமை வாயிற்படிக்கு வரவில்லை. படித்தவர் ஒன்றுகூடியபோதுதான், பணப்பையை மூடி வழக்கு மன்றத்தின் கதவைத் தட்டியபோதுதான் வந்தது. இனி என் மாணவருக்கு ஒரு சொல் கூட்டிச் சொல்வேன்: படி, படித்தபின், உன் ஊரின் வரைபடத்தையும் எடுத்துப் பார்!