நிலம் நடுங்கியபோது எழுந்த கேள்விகள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியெங்கும் கரிசலும் செம்மண்ணும் மாறிமாறி வரும். வானம் பார்த்த இப்பூமியின் மக்கள் அஞ்சுவது மழை பொய்ப்பதற்குத்தான். பெருவெள்ளம் ஒன்று சுழித்து நிலத்துள் அடங்கிய இடமே திருச்சுழி என்கிறது தலபுராணம். ஆனால், நிலமே நடுங்கக்கூடும் என்ற அச்சம் இங்கு எவருக்கும் இல்லை. அடியில் கிடப்பது மிகப் பழமையான கடினப் பாறை. அது அசையாது என்பது நம் நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வளவு உறுதியானது என்பதை வரலாற்றிடம்தான் கேட்க வேண்டும்.

1755 நவம்பர் 1. அனைத்துப் புனிதர் பெருவிழா. போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரின் ஆலயங்கள் மக்களால் நிறைந்திருந்த காலை வேளையில் நிலம் அதிர்ந்தது. பின்னர் கடல் பொங்கியது, தீ பரவியது. பல்லாயிரவர் மாண்டனர். “இது யார் செய்த பாவத்துக்குத் தண்டனை?” என்று போதகர் சிலர் முழங்கினர். ஆனால், பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சர் வேறு கேள்விகளைக் கேட்டார். அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது? எத்திசையில் வலுவாக இருந்தது? எத்தனை வீடுகள் விழுந்தன? கடல் முதலில் உயர்ந்ததா, தாழ்ந்ததா? இவ்வினாக்கள் பங்குகள்தோறும் அனுப்பப்பட்டன. பங்குத்தந்தையர் தாம் கண்டதையும் மக்களிடம் கேட்டறிந்ததையும் எழுதி அனுப்பினர். அவ்விடைகளை நிலநடுக்கவியலின் தொடக்க ஆவணங்களுள் வைத்து அறிஞர் போற்றுகின்றனர்.

இவ்வழியில் வந்தவர் இத்தாலியக் குரு ஜுசேப்பே மெர்க்கல்லி. 1850இல் மிலான் நகரில் பிறந்த அவர், வெசூவியஸ் எரிமலை ஆய்வகத்தின் இயக்குநராகவும் விளங்கினார். 1902இல் அவர் சீரமைத்த அளவுகோல், நிலநடுக்கத்தை அதன் விளைவைக்கொண்டே மதிப்பிட்டது. தொங்கும் விளக்கு ஆடியதா, பாத்திரங்கள் குலுங்கினவா, சுவர் பிளந்ததா? எளிய மக்களின் சாட்சியமே அங்கே அளவையாயிற்று. திருத்தப்பட்ட வடிவில் அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

நம் நாட்டில் 1897 ஜூன் 12 அன்று அஸ்ஸாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கம் ஆய்வுக்கு வழி திறந்தது. அதை ஆராய்ந்த புவியியலாளர் ஓல்தாம், அதிர்வலைகள் வெவ்வேறு வேகத்தில் பயணம் செய்வதைக் கண்டார். 1906இல் பூமிக்கு ஒரு மையக்கரு உண்டென்றும் நிறுவினார். அந்நிலநடுக்கத்தை அடுத்து நில அதிர்வுக் கருவிகள் நிறுவப்பட்ட இடங்களுள் நம் கொடைக்கானலும் ஒன்று. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியே நடுங்கியது. அசையாதெனக் கருதப்பட்ட தென்னாடும் அசைந்தது!

ஆயினும் நாம் அதை மறந்தோம். 1993 செப்டம்பர் 30 விடியுமுன், மகாராஷ்டிரத்தின் கில்லாரி வட்டாரத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்களுள் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மடிந்தனர். அதுவும் நம்மைப் போன்ற வறண்ட பூமியே. ஆபத்து மிகக் குறைவென்று அன்றைய வரைபடம் காட்டிய இடம். மண்சாந்தில் அடுக்கிய கனத்த கருங்கற்சுவர்களே அவர்களுக்குப் புதைகுழியாயின. 2002இல் அந்தக் கடைசி மண்டலமே வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டு, அடுத்த மண்டலத்தோடு சேர்க்கப்பட்டது. “ஆபத்தே இல்லை” என்று சொல்லத்தக்க மண் இந்நாட்டில் இல்லை என்பதே அதன் பொருள்.

சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைக் குறிப்பிட்ட நம் ஆண்டவர், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் குற்றவாளிகள் அல்லர் என்று உரைத்ததை லூக்கா எழுதிவைத்தார். இறந்தோர்மீது பழி சுமத்துவதற்கு அங்கே இடமில்லை. அப்படியானால் நமக்கு எஞ்சும் கேள்வி ஒன்றே: கோபுரம் ஏன் விழுந்தது?

அறிவியல் அதற்கு விடை சொல்கிறது. கதவு, சன்னல்களுக்கு மேலாகச் சுவர்களைச் சுற்றிக் கட்டும் கம்பியிட்ட கான்கிரீட் பட்டையும், உறுதியாகப் பிணைத்த மூலைகளும் நடுக்கத்தின்போது வீட்டைப் பெரிதும் காக்கும். நம் ஊரில் இனி ஒரு வீட்டுக்கு அடித்தளமிடும்போது, மந்திரிக்க வரும் குருவோடு கொத்தனாரையும் அழைத்து இவற்றைப்பற்றிக் கேட்போம். அன்று போர்த்துக்கல் பங்குத்தந்தையர் உண்மையை எழுதிவைத்தது, நம்மைப் போன்றோர் உயிர் பிழைப்பதற்கும் அல்லவா?