தடிப்பு மறைந்தால் போதுமா?

எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவருக்கு ஒரு மருந்து பலித்தது என்று எதை வைத்துச் சொல்வது? தோலில் எழுந்த தடிப்பு மறைந்ததையா, ஆள் பிழைத்ததையா? லண்டன் ஆய்வாளர்களின் அனுபவம் இரண்டாவதையே கேட்கச் சொல்கிறது. இந்தத் தடிப்புக்குக் காரணமாக, கொடையாளரின் எதிர்ப்புச் செல்கள் புகுந்த உடலையே தாக்கும் என்பதை 1950களில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பீட்டர் மெடவாரின் சகாக்கள் பில்லிங்ஹாமும் பிரெண்டும் சுண்டெலிக் குட்டிகளில் கண்டார்கள். குட்டிகள் வளராமல் மெலிந்து செத்தன. அதே காலத்தில் ஹார்வெல் ஆய்வுக்கூடத்தில் பார்ன்ஸும் லூட்டிட்டும் இன்னொன்றையும் கவனித்தார்கள். அந்நிய மஜ்ஜை பெற்ற எலிகள் மெலிந்து இறந்தாலும், அவற்றுக்கு ரத்தப் புற்று திரும்பவில்லை. கெடுத்த செல்லே காத்தும் இருக்கிறது.

இந்த இரட்டைக் குணத்தோடுதான் பின்னால் வந்த மருந்துகள் எல்லாம் மல்லுக்கட்டின. நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து எடுத்த, எதிர்ப்புச் செல்களை அடக்கும் சைக்ளோஸ்போரினைப் பற்றி ஜான் போரெல் 1976இல் லண்டனில் பேசினார். 1978 டிசம்பரில் ‘லான்செட்’ இதழில், கேம்பிரிட்ஜின் ராய் கான் சிறுநீரக மாற்றில் அதைப் பயன்படுத்திய கட்டுரையை அடுத்தே, சட்டனிலுள்ள ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் ரே பவுல்ஸ் குழு மஜ்ஜை மாற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததை எழுதியது. 1980இல் அதே குழு, தாக்குதல் வந்தபின் அடக்குவதை விட்டு, வருமுன் தடுக்க அம்மருந்தைக் கொடுத்தது. தாக்கும் டி செல்களை மஜ்ஜையிலிருந்தே நீக்கிவிட்டால் என்ன என்று அடுத்து முயன்றார்கள். தாக்குதல் குறைந்தது. ஆனால் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையின் ஜான் கோல்ட்மன் முதன்மை ஆசிரியராக 1988இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வு, நாள்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்று அத்தகைய மஜ்ஜை பெற்றவர்களிடம் கூடுதலாகத் திரும்புவதைக் காட்டியது. தடிப்பை மட்டும் எண்ணியிருந்தால் அது வெற்றி; புற்றையும் எண்ணியதால்தான் விலை தெரிந்தது.

இந்தத் தாக்குதல் நாள்பட நீடித்து, கண் வறண்டு, தோல் இறுகி, நுரையீரல் தழும்பேறி வருடக்கணக்கில் அவதிப்படுபவரிடம் ‘உயிர்க்கணக்கு முடியட்டும்’ என்பது கொடுமையல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கான ருக்ஸோலிட்டினிப் என்ற மருந்தின் ஆய்வில் 329 பேரில், 24ஆம் வாரத்தில் அம்மருந்து பெற்றவர்களில் 49.7 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான சிகிச்சையில் 25.6 சதவீதம் பேர்தான். ஒப்பீட்டுக் குழுவே இல்லாத ஆய்வை நம்பி, பெலுமோசுடில் என்ற மருந்தை 2024இல் மருந்துகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு பரிந்துரைத்தது. வேறு வழி தீர்ந்தவர்களுக்கு அது சரியே. ஆனால் 24 வாரத்தில் மருந்துக்கு அனுமதி கிடைக்கலாம். ஆய்வை அங்கே முடித்துவிடக் கூடாது. மருந்து பெற்ற ஒவ்வொருவருக்கும் புற்று திரும்பியதா, தொற்று கொன்றதா என்று ஆண்டுகள் தொடர்ந்து பதிவதையும் அந்த அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும்.